மூணு ட்யூப் நாவல்

எங்கள் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவரை எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவோம். நான் பக்கத்து மேசையில் ட்யூப்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டுகிறவள். பன்னிரண்டு வருஷமாக அவர் சொல்லக் கேட்டே, ஒரு நாவலும் படிக்காமல் நூறு நாவல் தெரிந்தவளாகிவிட்டேன்.

கையை நீட்டியவர் ஊசியைப் பார்த்து வெலவெலத்தால், அக்கா நேற்றுப் படித்த நாவலை எடுத்துவிடுவார். "கேளுங்க, விடிஞ்சா கல்யாணம், மாப்பிள்ளையைக் காணோம்..." ஆள் வாயைப் பிளந்து கேட்கும்போதே வேலை முடிந்திருக்கும். "அப்புறம் மாப்பிள்ளை?" என்று பஞ்சை அழுத்தியபடி நகராமல் நிற்பவர்களை விரட்டுவது என் தலையெழுத்து.

அக்காவின் விமர்சனமும் அதே கணக்குதான். பிடித்துவிட்டால், "இது மூணு ட்யூப் ரத்தம் எடுக்குற வரைக்கும் தாங்கும்டி!" பரிசு வாங்கிய ஒரு தடிப் புத்தகத்தைப் பற்றி, "முப்பது பக்கமா ஒருத்தன் ஜன்னல் வழியா மழையைப் பாக்குறான். நல்ல மனுஷன்தான், ஆனா ஒரு ட்யூபுக்குக்கூடத் தாங்க மாட்டான்" என்றார்.

இப்படிப்பட்டவருக்குத் தன் கையில் ஊசி என்றால் உயிரே போய்விடும். ஊழியர்களுக்கு வருஷா வருஷம் ரத்தப் பரிசோதனை உண்டு. போன வருஷம் எப்படியோ நழுவிவிட்டார். இந்த முறை மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார்: இன்று மாலைக்குள் எடுக்காவிட்டால் நாளை வேலைக்கு வர வேண்டாம்.

மாலை ஷிப்டில் ரத்தம் எடுக்கும் அண்ணன் கையைத் தொட்டதுமே அக்கா எழுந்துவிட்டார். உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். கண்ணில் தண்ணீர்.

"என்னால முடியலடி. வேலை போனா போகட்டும்."

அவர் இல்லாத அந்த அறையில் நான் யாரோடு பேசுவேன்? மேசையில் அவர் பாதி படித்த நாவல் கிடந்தது. கப்பல் கேப்டனைக் கொன்றது யார் என்று இரண்டு நாளாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். யாராவது முடிவைச் சொன்னால் அக்காவுக்குப் பொல்லாத கோபம் வரும்.

"அக்கா, கடைசிப் பக்கத்தைப் பாத்துட்டேன்" என்றேன்.

"வாயை மூடு!"

"கேப்டன் சாகவே இல்ல. பொண்டாட்டிக்குப் பயந்து, அதே கப்பல்ல சமையல்காரன் வேஷத்துல இருக்கான்."

"அடிப்பாவி! உன்னை யாருடி கேட்டா?" கத்தியபடியே தொப்பென்று உட்கார்ந்தார். அண்ணன் அந்த நொடியை விடாமல் ஊசியை ஏற்றிவிட்டார். "அப்ப செத்தது யாருடி?" என்றார் அக்கா.

எனக்கு என்ன தெரியும்? அண்ணன் இரண்டாவது ட்யூபை மாற்றிக்கொண்டிருந்தார். "அது... அவனோட இரட்டைப் பிறவி."

"அதான் அந்தச் சமையல்காரன் உப்புப் போடத் தெரியாம முழிச்சானா!"

"முடிஞ்சிருச்சுக்கா" என்று மூன்று ட்யூபையும் காட்டினார் அண்ணன்.

இரண்டு நாள் அக்கா என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் புத்தகத்தை என் மேசையில் போட்டார். "கொன்னது டாக்டராம். சப்புனு போச்சு. நீ கடைசிப் பக்கத்தைப் பாக்கவே இல்லைல்ல?"

"இல்லக்கா."

கையுறையை மாட்டிக்கொண்டு தன் மேசைக்குப் போனார். முதலில் வந்தவர் ஊசியைக் கண்டு முகம் வெளுத்தார். "கேளுங்க, நடுக்கடல்ல ஒரு கேப்டன்..." என்று தொடங்கிய அக்கா, சமையல்காரன், இரட்டைப் பிறவி என்று என் முடிவையே சொல்லி முடித்தார்.

"பிரமாதம்! யாரு எழுதின நாவல்?" என்றார் அவர்.

அக்கா என் பக்கம் கை காட்டினார். "இதோ, சீட்டு ஒட்டுறாளே, இவதான்."