தவலையில் வெட்டிய பெயர்

என் கல்யாணச் சீரில் வந்த செம்புத் தவலையை அறுக்கக் கொடுத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊரே அந்தப் பழியை என் வீட்டுக்காரர் தலையில் போட்டது. பாவம், அந்த மனிதர் வாய்விட்டுக் கேட்கக்கூட இல்லை. இரண்டு நாள் தவலையைச் சுற்றிச் சுற்றி வந்தார். மூன்றாம் நாள் எனக்கே பொறுக்கவில்லை. "எடுத்துக்கினு போங்க, சும்மா கண்ணு வெக்காதீங்க" என்று தூக்கிக் கையில் கொடுத்துவிட்டேன்.

யுத்தத்துக்கு முந்தைய காலம் அது. வெள்ளைக்காரன் ஆட்சி. திருவேற்காட்டுக்கும் ஆவடிக்கும் நடுவில், சுற்றிலும் நெல்வயல் இருந்த ஒரு சின்ன ஊரில் எங்கள் வீடு. மின்சாரம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வீட்டுக்காரருக்கு ரயில் நிலையத்தில் தந்தி குமாஸ்தா வேலை. பகலெல்லாம் அங்கே தட்டியது போதாதென்று வீட்டிலும் தட்டுவார். சர்க்காரிடம் லைசென்ஸ் வாங்கி, சொந்தமாக ஒரு வயர்லெஸ் செட் வைத்திருந்தார். அதில் பேச முடியாது. மோர்ஸ் ஒலிதான், குட்டையும் நெட்டையுமாக. அதை வைத்துக்கொண்டு தன்னைப் போலவே வேறு ஊர்களில் உட்கார்ந்திருக்கும் பைத்தியங்களோடு, அவர்கள் பைத்தியம் என்று அப்போது நினைத்தேன், மணிக்கணக்கில் பேசுவார்.

செட்டின் பலம் பத்து வாட்டு. லைசென்சில் அனுமதித்ததும் அவ்வளவுதான். பாட்டரியை மாதம் இரண்டு தடவை மாட்டுவண்டியில் பூந்தமல்லி பஸ் ஷெட்டுக்குக் கொண்டுபோய் சார்ஜ் ஏற்றி வருவோம். வயலில் நின்ற இரண்டு பனைமரங்களுக்கு நடுவே ஏரியல் கம்பி கட்டியிருந்தது. அங்கிருந்து இரட்டைக் கம்பி ஒன்று இறங்கி, கொல்லைப்புறத்து மூங்கில் கம்பத்தில் ஆள் உயரத்தில் ஓடி, ஜன்னல் வழியாக உள்ளே வரும். பனைமரம் என்ன கணக்குப் பார்த்தா முளைக்கிறது? கம்பியின் நீளத்துக்கும் செட்டுக்கும் ஒத்துப்போகவே இல்லை. சண்டை போட்டுக்கொண்ட சம்பந்திகள் மாதிரி, இது கொடுப்பதை அது வாங்க மறுத்தது. நடுவில் நின்று சமாதானம் செய்து வைக்கிற சாமானுக்கு ட்யூனர் என்று பெயர். ஒரு செம்புச் சுருளும், தகடு தகடாகத் திரும்பும் கண்டென்சரும் சேர்ந்தது. அவர் முதலில் மெல்லிய கம்பியில் சுற்றிய சுருள் சூடானதுதான் மிச்சம். பாதி பலத்தை அதுவே தின்றுவிட்டது. சத்தம் பெங்களூரைத் தாண்டவில்லை.

கண்டென்சர் சென்னையில் பழைய சாமான் கடையில் கிடைத்தது. ஏதோ உடைத்துப்போட்ட கப்பலுடையதாம், பூசணிக்காய் பருமன். அதற்கு ஜோடியாகத் தடித்த செம்பு வேண்டும் என்றார். அப்போதுதான் தவலையைப் பார்க்க ஆரம்பித்தார்.

பூந்தமல்லியில் ஒரு செம்புக்கொட்டி பாய் இருந்தார். தவலையைக் கவிழ்த்துப் பார்த்தவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டார். சீர்ப்பாத்திரத்தில் பெயர் வெட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். கழுத்தைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக என் அப்பாவின் ஊர், அப்பா பெயர், என் பெயர் எல்லாம் இருந்தது.

"பேர் மேல கத்தரி வெக்க மாட்டேம்மா" என்றார் பாய். "ஒரு பொண்ணு பேரை என் கையால வெட்டுனா எனக்குச் சோறு எறங்காது."

"வெட்டாம எப்டி பாய் சுருளாவும்?" என்றேன்.

கொஞ்சம் யோசித்தார். பிறகு சாத்துக்குடியை அறுபடாமல் தோல் உரிப்பது போல, தவலையின் கழுத்திலிருந்து அடிவரை ஒரே பட்டையாக விரல் அகலத்தில் அறுத்தெடுத்தார். பெயர் இருந்த இடத்தில் மட்டும் பட்டையை அகலமாக விட்டார். ஓர் எழுத்து சேதமில்லை. நெல் அளக்கும் மரக்காலின் மேல் சுற்றிச் சுருளாக்கி, மெழுகில் வேகவைத்த மூங்கில் பட்டைகளில் பொருத்திக் கொடுத்தார். பார்க்க யானைக்குட்டிக்குப் போடும் வளையல் மாதிரி இருந்தது.

வேலை செய்தது பாருங்கள், அதற்கு நான் சாட்சி. பத்து வாட்டில் ஒரு துளியைக்கூட அது வீணாக்கவில்லை. மறுவாரமே ரங்கூன் பதில் சொன்னது. அதற்கப்புறம் கொழும்பு, சிங்கப்பூர். செட்டிலிருந்து வரும் வயரின் கவ்வியைச் சுருளில் எந்த இடத்தில் மாட்டுவது என்பதுதான் சூட்சுமம். கம்பியில் கோத்த ஒரு டார்ச்சு பல்பு அதிகம் எரிகிற இடமே சரியான இடம். அவர் மோர்ஸ் தட்டும் கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்க, நான் கவ்வியை மாற்றி, கண்டென்சரைத் திருப்பிப் பல்பைப் பார்ப்பேன். அடையாளத்துக்கு அந்த எழுத்துகளே வாகாக இருந்தன. அப்பா ஊரின் கடைசி எழுத்தில் மாட்டினால் ஒரு அலைவரிசை, என் பெயரின் இரண்டாம் எழுத்தில் மாட்டினால் இன்னொன்று. நோட்டிலும் அப்படியே எழுதிவைத்தோம்.

மோர்ஸை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அடுப்படிக்கும் அவர் மேஜைக்கும் நடுவே ஒரு சுவர்தான். காதில் விழுகிற எழுத்தை அவர் முணுமுணுத்தபடி எழுதுவார். குழம்பு கொதிப்பதற்குள் இரண்டு எழுத்து எனக்கும் பிடிபடும். ஒரு வருஷத்தில் அவருக்கு முன்னால் நான் சொல்ல ஆரம்பித்தேன், மனதுக்குள். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்த இங்கிலீஷ் அதற்குப் போதுமாக இருந்தது. அவர் வேலைக்குப் போனபிறகு, செட்டின் வயரைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் கட்டையைத் தட்டிப் பார்ப்பேன். வயரோடு தட்ட எனக்கு லைசென்ஸ் இல்லை. தட்டினால் அவருடைய லைசென்ஸ் போய்விடும் என்பது தெரியும். ஆனால் ஆசை இருந்ததே, அதை எங்கே கழற்றி வைப்பது?

இந்த நிலையில் அவர் வாய் சும்மா இருக்கவில்லை. "என் சுருள் ஆயிரம் வாட்டு தாங்கும்" என்று ஸ்டேஷனில் பெருமை அடித்திருக்கிறார். தாங்கும் என்றுதான் சொன்னாராம். கேட்டவர் யாரோ, ஆயிரம் வாட்டு வைத்திருக்கிறான் என்று மேலிடத்துக்கு மொட்டைக் கடிதாசி போட்டுவிட்டார். அனுமதிக்கு மேல் பலம் வைத்திருந்தால் லைசென்ஸ் ரத்து, செட்டுக்குச் சீல். சர்க்கார் விவகாரம், வேலைக்கே உலை வைத்தாலும் வைக்கலாம்.

விசாரிக்க அதிகாரி ஒருவர் பட்டணத்திலிருந்து வந்தார். தலைப்பாகை, கோட்டு, மூக்குக்கண்ணாடி. ஸ்டேஷனிலிருந்து ஜட்கா ஏறியவரை மழை வழியில் பிடித்துக்கொண்டது. கோட்டைப் பிழிந்தால் ஒரு செம்பு தண்ணீர் வரும். என் மாமியார் அதை வாங்கிக்கொண்டு போனார், துண்டும் சுக்குக் காப்பியும் கொடுத்தார். மழை விட்டு வெயிலும் வந்துவிட்டது. அதிகாரி நேராகச் சுருளின் முன்னால் போய் நின்றார்.

"பத்து வாட்டுக்கு இவ்வளவு பெரிய சாமான் எதற்கு? இதை யார் நம்புவார்கள்?" என்றார்.

ஸ்டேஷனில் அவ்வளவு பேசிய என் வீட்டுக்காரருக்கு இங்கே நாக்கு எழவில்லை. வாசற்படியில் நின்றிருந்த எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் மேலும்தான், அதிகாரி மேலும்தான்.

"அது என் தவலைங்க" என்றேன். "எங்கப்பா ஊட்டுச் சீரு. தடிமனா கீதுன்னா அது எங்கப்பா மேல தப்பு. வேணும்னா படிச்சுப் பாருங்க, பேர் கீது."

அதிகாரி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். சுருள் வளைந்து வளைந்து போனதால் எழுத்துகளைப் படிக்க மேஜையை ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டியிருந்தது. ஊர், அப்பா பெயர், என் பெயர். படித்து முடித்தபோது முகம் கொஞ்சம் இளகியிருந்தது. "சரி, ஓட்டிக் காட்டுங்கள்" என்றார்.

வீட்டுக்காரர் கட்டையை அழுத்தினார். பல்பு எரியவில்லை.

கவ்வியை மாற்றினேன், கண்டென்சரை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினேன். ஒரு மினுக்குகூட இல்லை. அதிகாரியின் முகம் பழையபடி இறுகியது. நிஜமான செட்டை ஒளித்துவிட்டு, ஓடாத ஒன்றை முன்னால் வைத்து நாடகம் ஆடுகிறோம் என்று நினைத்திருக்க வேண்டும். கட்டிலுக்கு அடியில் பார்த்தார். நெல் குதிருக்குப் பின்னால் பார்த்தார். வீட்டுக்காரரின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தேன். ஜன்னல் வழியாக இரட்டைக் கம்பி போகும் பக்கம் என்னையறியாமல் கண் போனது.

இரண்டு கம்பியையும் அணைத்தபடி, கைகளை விரித்துக்கொண்டு, அதிகாரியின் கோட்டு வெயிலில் சொட்டிக்கொண்டிருந்தது.

"அத்தே!" என்று நான் போட்ட கத்தலில் கொல்லையிலிருந்த கோழிகள் கலைந்தன. ஈரத்துணி இரண்டு கம்பியையும் சேர்த்தால் பலம் ஏரியலுக்குப் போகாது, அந்தக் கம்பியில் துணி போடாதீங்க என்று ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறோம். அவருக்கு அது கொடி, அவ்வளவுதான். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கம்பி வேறு, கோட்டுக்கு அதைவிட வசதி ஏது?

"வந்த மனுசன் ஈரக் கோட்டோட போவணுமா?" என்றார் மாமியார். "வெயில் நல்லா கீதேன்னு போட்டேன். இன்னாத்துக்கு இப்டி கத்துறே?"

நான் ஓடிப்போய்க் கோட்டை எடுத்து, முந்தானையால் கம்பியைத் துடைத்துவிட்டு வந்தேன். வீட்டுக்காரர் மறுபடி அழுத்தினார். கவ்வியை என் பெயரின் இரண்டாம் எழுத்தில் மாட்டிக் கண்டென்சரை ஒரு மயிரிழை திருப்பினேன். பல்பு பளிச்சென்று எரிந்தது. அதிகாரி தன் மீட்டரை வைத்து அளந்தார், பாட்டரிகளை எண்ணினார். பத்து வாட்டுக்கு ஒரு பொட்டுகூட அதிகமில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், அடுப்பே எரியவில்லை.

அவர் கிளம்புவார் என்று பார்த்தால் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். "இதையெல்லாம் ட்யூன் செய்வது நீங்கள்தானா? கட்டையைத் தொட்டதுண்டா?" என்று என்னைக் கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். "வயரைக் கழட்டி வெச்சுட்டு அடிச்சுப் பார்த்துக்கீறேன். ஆகாசத்துக்கு உட்டதில்லீங்க" என்றேன்.

அவர் பென்சிலை எடுத்து மேஜையில் மோர்ஸ் தட்டினார். நான் எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். வேகத்தைக் கூட்டினார். நானும் விடவில்லை. என் வீட்டுக்காரர் வாயைப் பிளந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து வருஷமாக ஒரே வீட்டில் இருந்த மனிதர்.

"பரீட்சைக்கு மனுப் போடுங்கள்" என்றார் அதிகாரி, அரை ஈரக் கோட்டை மாட்டிக்கொண்டே. "பெண்களுக்குக் கூடாது என்று விதியில் எங்கும் இல்லை. என் மகள் கேட்டாள் என்று முழுக்கத் தேடிப் பார்த்துவிட்டேன்."

முதல் தடவை பரீட்சையில் கோட்டைவிட்டேன். மோர்ஸ் சுலபமாகத்தான் இருந்தது, விதிகளை இங்கிலீஷில் எழுதச் சொன்னதில் மாட்டிக்கொண்டேன். வீட்டுக்காரர் தேற்ற வந்தார், அவரிடம் எரிந்து விழுந்தேன். பிறகு இருவரும் உட்கார்ந்து விதிப் புத்தகத்தை வரிவரியாக உருப்போட்டோம். இரண்டாம் தடவை தேறிவிட்டேன்.

லைசென்ஸ் தபாலில் வந்தது. தபால்காரர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது அடுப்படியில் இருந்த எனக்குக் கேட்டது. "இந்தப் பேர்ல இந்த ஊட்ல யாராவது கீறாங்களா?"

"அப்டி யாரும் இங்க இல்லியேப்பா" என்றார் மாமியார்.

அவர் மேல் குற்றமில்லை. அவருக்கு நான் 'பொண்ணே', வீட்டுக்காரருக்கு 'இன்னாமே', தெருவுக்குத் தந்திக்காரர் சம்சாரம். என் பெயரைச் சொல்ல அந்த ஊரில் ஒருவருக்கும் தேவை வரவில்லை. மாவுக் கையோடு ஓடி, "நான்தாங்க, நான்தான்!" என்று உறையைப் பிடுங்கிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் கட்டையின் முன்னால் நான் உட்கார்ந்தேன். கண்டென்சர் பக்கம் வீட்டுக்காரர் நின்றார். பல்பைப் பார்த்து "ஆங், போதும்" என்றார். அழைப்பை அடித்துவிட்டுக் காத்திருந்தேன். மூன்றாவது தடவை கொழும்பிலிருந்து ஒருவர் பதில் கொடுத்தார். சத்தம் தெளிவாக வருகிறது என்றார். பிறகு வழக்கமான கேள்வியைக் கேட்டார், பெயர் என்ன?

ஒவ்வோர் எழுத்தாக அடித்தேன். அது அந்தப் புள்ளி எழுத்துகள் வழியாகவே ஏறி, பனைமரத்துக்குப் போய், கடலைத் தாண்டியது. அவர் வணக்கம் சொல்லி, என் பெயரைத் தப்பில்லாமல் திருப்பி அடித்தார். கல்யாணத்துக்கு அப்புறம் ஒருவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"இன்னா சொல்றான்?" என்று கேட்டார் மாமியார், கதவோரம் நின்று.

"என் பேரைச் சொல்லிக் கூப்பிடறாரு அத்தே."

அந்தப் பெயரை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தது போல அவர் உதடு அசைந்தது. நான் மறுபடி கட்டையின் பக்கம் திரும்பிவிட்டேன்.

மறுநாள் காலையில் கொல்லையிலிருந்து யாரோ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். யாரென்று புரியாமல் எழுந்து போனேன். மாமியார்தான். கையில் ஈரப் புடவையோடு, இரட்டைக் கம்பிக்கு முன்னால் நின்றுகொண்டு, இன்றைக்குப் போடலாமா என்று கேட்டார்.