வராத லாரி

அறுபதுகளில் செம்பாக்கம் ஏரிக்கு அருகே நிலநடுக்கத்தைப் பதிவுசெய்யும் சிறிய கூடம் ஒன்றில் வேலை பார்த்தேன். அதுபோல வேறு நான்கு ஊர்களிலும் உண்டு. பதிவுத் தாள்களை ஒருவருக்கொருவர் அனுப்பி ஒப்பிட்டுப் பார்ப்போம்.

எங்கள் கூடத்தின் காவலாளி ஒல்லியானவர். காக்கிச் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். கருவி எதனால் அசைந்தாலும் நேரத்தோடு நோட்டில் குறித்துவிடுவார்: குவாரி வெடி, லாரி, ஒருமுறை ‘என் தும்மல்’.

ஒருநாள் அவசரத்தில் கருவி மேடையில் இடித்துவிட்டு, அதைச் சொல்லாமலே தாளை அனுப்பினேன். மற்ற ஊர்க்காரர்கள் அந்த அதிர்வைத் தங்கள் தாள்களில் ஒரு வாரம் தேடிவிட்டு, விளக்கமும் நோட்டும் கேட்டார்கள். நோட்டில் ‘சார் இடிச்சது’ என்றிருந்தது. எனக்கோ வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

“லாரின்னு மாத்திடுங்களேன்,” என்றேன்.

“லாரி வர்லியே சார். வராத லாரிய எப்படி எழுதறது? இடிச்சது நெஜம், அது இருக்கட்டும். வோணும்னா என் பேர போட்டுக்கறேன். இடிச்சது ஆருன்னு பூமிக்கு இன்னா கவலை?”

சிரித்துக்கொண்டே ‘சார்’ என்பதை அழித்து ‘நான்’ என்று எழுதினார். நான் தடுக்கவில்லை.

அதற்காக அவரைக் கேளம்பாக்கத்தில் உள்ள ஒரு கிடங்குக்கு மாற்றினார்கள். என் வேலை நிரந்தரமானது. அவர் குறித்து வைத்த நேரங்களை நம்பித்தான் பிறகு என் ஆராய்ச்சியை எழுதி முடித்தேன். அந்த நோட்டு முழுவதிலும் ஒரே ஒரு சொல்தான் பொய். எழுதியது அவர் கை, பொய் என்னுடையது.