பக்கத்து வீட்டுப் பாத்திரத் தண்ணீர்

போன கோடைக்கு முந்தின கோடையில் நடந்தது இது. செஞ்சியில், கோட்டை மலையை ஒட்டிய ஒரு தெருவில், வீட்டின் முன் அறையிலேயே டி.டி.பி. சென்டர் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் என்னுடைய ஒரே கம்ப்யூட்டரில்தான். அது படுத்துக்கொண்டால் எங்கள் வீட்டு அடுப்பும் படுத்துவிடும்.

எங்கள் பக்கம் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்காகவே யு.பி.எஸ்., ஸ்டெபிலைசர் எல்லாம் வாங்கி மாட்டியிருந்தேன். ஆறு வருஷமாகக் கம்ப்யூட்டருக்கு ஒரு தும்மல்கூட வந்ததில்லை. வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிப் பீற்றிக்கொள்வேன்.

பக்கத்து வீட்டு அக்கா இட்லி வியாபாரம் செய்கிறவர். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சின்னச் சந்து. வியாபாரம் முடிந்ததும் பாத்திரம் கழுவிய தண்ணீரை என் வீட்டுச் சுவரோரமாகத்தான் கொட்டுவார். புளித்த மாவு நாற்றம், போதாததற்குக் கொசு. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அந்த வருஷம் தை மாதம், இட்லி வாங்க வந்தவர்கள் முன்னாலேயே கத்திவிட்டேன். எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. அவர் பரம்பரையையே இழுத்துவிட்டேன். அவர் ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. மறுநாளிலிருந்து தண்ணீரை வாளியில் தூக்கிக்கொண்டு தெருமுனைச் சாக்கடைக்கு நடந்தார். எங்களுக்குள் பேச்சும் நின்றுபோனது. சந்து காய்ந்தது, நாற்றம் போனது. அப்பாடா என்றிருந்தது எனக்கு.

சித்திரை பிறந்தது. ஒருநாள் மதியம் கரண்ட் போய்த் திரும்பி வந்ததும் ‘டப்’பென்று ஒரு சத்தம், கருகல் வாடை. கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி போய்விட்டது. மெக்கானிக் புதிது மாட்டினார். பத்தே நாளில் அதுவும் போனது. கம்ப்யூட்டரைத் தொட்டாலே கையில் சுரீரென்றது.

“அடுத்த வாட்டி போர்டு, ஹார்ட் டிஸ்க் எல்லாம் சேந்து பூடும்க்கா. மொதல்ல ஒயர்மேனைக் கூப்டுங்க” என்றார் மெக்கானிக்.

வைகாசி முகூர்த்தத்துக்கு ஒன்பது பத்திரிகை கையில் இருந்தது. இன்னொரு கம்ப்யூட்டர் வாங்கவெல்லாம் வழியே இல்லை.

ஒயர்மேன் வந்து ஒரு குண்டு பல்பின் ஒரு முனையை லைனிலும் மறுமுனையை எர்த்திலும் பிடித்துப் பார்த்தார். பல்பு செத்த மாதிரி எரிந்தது. கசியும் கரண்ட்டை மண்ணுக்குள் இறக்கும் கம்பி புதைத்த எர்த் குழி எங்கே என்று கேட்டார். சந்துக்குள், அக்கா தண்ணீர் கொட்டிய அதே சுவரோரத்தைக் காட்டினேன். குழி இருந்த இடத்தில் மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. இரண்டு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டு, நான் கொடுத்த டீயை நிதானமாகக் குடித்துவிட்டு, மறுபடியும் பல்பைப் பிடித்தார். பளிச்சென்று எரிந்தது.

“இந்தப் பாறை மண்ணுல குழி காயவே கூடாதும்மா. காஞ்சிதுன்னா நீ இன்னா பொட்டி வாங்கி மாட்டினாலும் வேஸ்ட்டு. இத்தினி வருஷம் யாரு தண்ணி ஊத்தினு இருந்தது?”

நான் பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்தேன்.

சரி, தண்ணீர்தானே, நானே ஊற்றிக்கொண்டால் போச்சு என்று முடிவு செய்தேன். அக்காவிடம் போய் நிற்க மனசு இடம் கொடுக்கவில்லை. மதியம் அவர் கண் அசரும் நேரம் பார்த்துக் குடத்தோடு பூனை மாதிரி சந்துக்குள் போவேன். மூன்று நாள் தப்பித்தேன். நாலாம் நாள் அக்கா வீட்டு ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

“இன்னாம்மா, செவுத்தோரம் தண்ணி ஊத்துற? கொசு வராதா?”

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது! ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் குடத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

“நீங்க ஊத்தின தண்ணிதான்க்கா என் கம்ப்யூட்டரக் காப்பாத்தினு இருந்தது. எனக்குத் தெரியலக்கா. வாய்க்கு வந்தத பேசிட்டேன், மன்னிச்சிடுங்க” என்று விஷயம் முழுவதையும் கொட்டினேன்.

அக்கா சிரித்தார் பாருங்கள், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அடிப்பாவி! வாளி தூக்கித் தூக்கி என் இடுப்பு கழண்டு பூடுச்சேடி. நல்ல தண்ணிய ஏன் மண்ணுல ஊத்துற, எடுத்துனு போ உள்ள. பாத்திரத் தண்ணிய நானே இங்க ஊத்திடறேன்” என்றார்.

ஒயர்மேனிடம் சொல்லி ஒரு பைப் போட்டோம். அக்கா ஊற்றும் தண்ணீர் நேராகக் குழிக்குள் இறங்குகிறது. மேலே மூடி இருப்பதால் நாற்றமும் இல்லை, கொசுவும் இல்லை. ஒன்பது பத்திரிகையும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. கரண்ட் இப்போதும் அதன் இஷ்டத்துக்குப் போகிறது, வருகிறது. கம்ப்யூட்டர் நன்றாக இருக்கிறது, நாங்களும் நன்றாக இருக்கிறோம்.

ஒருநாள் பேச்சுவாக்கில், அன்றைக்கு ஏன் பதிலே பேசவில்லை என்று அவரிடம் கேட்டேன். “இன்னா பேசறது? நீ சொன்னது நெஜம்தானே, நாறத்தானே செஞ்சுது” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நான் இத்தனை நாளும் அதை வீம்பு என்றுதான் நினைத்திருந்தேன். தன் பக்கம் தப்பு என்று பட்டதும் அவர் மூன்று மாதம் வாளி சுமந்திருக்கிறார். என் தப்பு தெரிந்த பிறகும் நான் திருட்டுத்தனமாகக் குடம் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறேன். கோபம் எனக்கு இன்றைக்கும் குறையவில்லை, பொய் சொல்ல மாட்டேன்; ஆனால் தப்பு என் மேல் என்று தெரிந்துவிட்டால், நாள் கடத்தாமல் அன்றைக்கே அந்த வீட்டு வாசலில் போய் நின்றுவிடுகிறேன்.