ரப்பர் வாசனை

துவாரகாவில் எங்கள் வீட்டில், படங்களையெல்லாம் சேர்த்துவைக்கும் சர்வராக மாற்ற எடுத்துவைத்திருந்த பழைய கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை. உள்ளே செருகியிருந்த மெமரிப் பட்டையைக் கழற்றி, அதன் உலோக முனையை ரப்பரால் தேய்த்தேன்.

"உன் அண்ணனைக் கேளேன். சின்ன வயசுலேயே இதெல்லாம் சரிபண்ணுவாராமே" என்றார் கணவர்.

ரப்பர் வாசனையில், நான் வளர்ந்த சரோஜினி நகர் குவார்ட்டர்ஸ் நினைவுக்கு வந்துவிட்டது. அப்பா கம்ப்யூட்டருக்குப் பழைய திரைச்சீலையில் உறை தைத்துப் போட்டிருந்தார். அண்ணன் மட்டும் தொடலாம். "நீ கை வச்சா கெட்டுடும்" என்பார் அப்பா என்னிடம். ஒருநாள் அது உயிரே இல்லாமல் கிடந்தது. ரிப்பேர்காரர் முன்பு செய்ததைப் பார்த்திருந்தேன். யாரும் இல்லாத மத்தியானம், மெமரியைக் கழற்றி, பென்சில் டப்பாவிலிருந்த ரப்பரால் தேய்த்து மாட்டினேன். ஓடியது. சாயங்காலம் வந்த அப்பா, அண்ணன் வேலை என்று நினைத்து அவன் முதுகைத் தட்டி, "சபாஷ்டா!" என்றார். அவனும் அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டான்.

"அவனுக்கே ஃபோன் போடுங்க. சின்ன வயசுல அதைச் சரிபண்ணினது யாருன்னு கேளுங்க" என்றபடி மெமரியைத் திரும்பச் செருகி, சுவிட்சைத் தட்டினேன். ஃபேன் சுற்றியது.