டோவி சைஸ்மோர் பாட்டை நிறுத்திய இடம்

டோவி சைஸ்மோர் பேசும் முன்பே பாடினவள் என்று பிற்காலத்தில் கதை கட்டினார்கள். சும்மா! நாலு வயதுவரை அழுகையைத் தவிர அவள் வாயிலிருந்து ஒன்றும் வந்ததில்லை. பாட்டு வந்தது சலவைத் தொட்டியில். அமெரிக்காவின் கெண்டக்கி மலைக்குள் நிலக்கரிச் சுரங்கத்தை ஒட்டிய குடியிருப்பில் அப்பா, அண்ணன்கள், பிறகு புருஷன் ஹோபர்ட் என்று அத்தனை பேர் கரிச்சட்டையும் அவள் கையில்தான். தேய்க்கிற கைக்குத் தாளம் வேண்டாமா? சொந்தமாக வரி போட்டுக்கொண்டாள்.

ஊரில் பாட்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பெண் வருகிற பாட்டிலெல்லாம் காதலன் அவளை ஆற்றில் தள்ளிவிடுவான். டோவிக்குப் பற்றிக்கொண்டு வரும். “சாகறதுக்கு மட்டும்தான் பொம்பளைய பாட்டுல கூப்பிடுவாங்களா? துவைக்கிறவளுக்கு ஒரு பாட்டு கிடையாதா?” என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் சபையிலும் அதே கதைதான். அங்கே வாத்தியம் கிடையாது. ஆண்களில் ஒருவர் எழுந்து ஒரு வரியைச் சொல்லி நிறுத்துவார். எல்லோரும் அதை இழுத்து இழுத்துத் திருப்பிப் பாடுவார்கள். வரி கொடுப்பது ஆண்பிள்ளை வேலை. பெண் திருப்பிப் பாடலாம், அவ்வளவுதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில் டவுன் ரேடியோ நிலையம் சனிக்கிழமை மதியங்களில் ஒரு மண்டபத்தில் ஆட்களை உட்காரவைத்துப் பாட்டு நிகழ்ச்சி நடத்தி நேரடியாக ஒலிபரப்பியது. கிட்டார் வாசிக்க ஹோபர்ட்டைக் கூப்பிட்டார்கள். கூடவே போன டோவி, என் பாட்டைத்தான் பாடுவேன் என்று நின்றாள். நிகழ்ச்சி நடத்தும் ப்ரூயிட்டுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“சொந்தப் பாட்டா? ஏம்மா, புருஷன் பக்கத்துல நின்னு சிரிச்சா போதாதா?”

“சிரிப்பு வந்தா சிரிக்கிறேன் ஐயா. பாட்டு வருதே, என்ன பண்ண?”

“சரி, ஒண்ணே ஒண்ணு பாடு. எடுபடலைன்னா அடுத்த வாரம் ஒரு பல்லுல கரி பூசிக்கிட்டு கோமாளியா வரணும். சம்மதமா?”

அந்தக் காலத்தில் மேடை ஏறும் மலைநாட்டுப் பெண்ணுக்கு அந்த ஓட்டைப்பல் வேஷம்தான் சுலபமாகக் கிடைக்கும். டோவி தலையாட்டினாள்.

மண்டபம் நிறையச் சுரங்கத்துக் குடும்பங்கள். டோவி கண்ணை மூடிக்கொண்டு முதல் வரியைப் பாடினாள்.

“கறுப்புச் சட்டை துவைக்கிறேன், கழுவக் கழுவ நீ வருவே...”

பாடியவள் நிறுத்திவிட்டாள். வேண்டுமென்று செய்ததல்ல. பயத்தில் நாக்கு சபைப் பழக்கத்துக்குப் போய்விட்டது. வரி முடிந்தால் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். ஹோபர்ட்டின் கிட்டார் தடுமாறி நின்றது. ரேடியோவில் சத்தமே இல்லை! ப்ரூயிட் முகம் வெளிறிப்போய், பாடு பாடு என்று இரண்டு கையையும் ஆட்டினார். போச்சு, பல்லுக்குக் கரிதான் என்று டோவிக்குத் தோன்றிவிட்டது.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பெண்குரல் அந்த வரியைப் பிடித்து இழுத்தது. பக்கத்தில் இருந்தவள் சேர்ந்துகொண்டாள். அடுத்த மூச்சில் மண்டபமே பாடியது, ஆண்களும் சேர்த்துத்தான். டோவி கண்ணைத் திறந்து அடுத்த வரியைக் கொடுத்தாள்.

“கறுப்புச் சட்டை வராத நாள், கடவுளே எனக்கு வேணாமே...”

கொடுத்துவிட்டு, இந்த முறை தெரிந்தே நிறுத்தினாள். சட்டை வராத நாள் என்றால் சுரங்கத்துக்குள் போனவன் திரும்பாத நாள் என்று தெரிந்த மண்டபம் அதைத் திருப்பிப் பாடியது. இப்படி இழுத்து இழுத்து நிகழ்ச்சிக்குப் பணம் கொடுத்த மாவுக் கம்பெனியின் விளம்பரத்துக்கு நேரமே இல்லாமல் போய்விட்டது.

இறங்கி வந்தவளிடம் ப்ரூயிட் மெதுவாகக் கேட்டார். “அடுத்த வாரமும் அதே இடத்துல நிறுத்துவியாம்மா?”

“நிறுத்தறேன். பல்லு வெள்ளையாவே இருக்கட்டுமா ஐயா?”

வீடு திரும்பும் வழியில் பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

“எதுக்குடி இப்ப அழுவுறே? ஜெயிச்சுட்டு வந்திருக்கே!” என்றான் ஹோபர்ட்.

“பொறந்ததுலேர்ந்து ஆம்பளைங்க நீங்க சொன்னதைத்தான் நான் திருப்பிப் பாடினேன். இன்னிக்கு நான் சொன்னதை நீங்க பாடினீங்க.”

பிறகு இசைத்தட்டு வந்தது, தூரத்து ஊர் மேடைகள் வந்தன. சொந்த வரியைச் சொந்தப் பேரில் பாட எத்தனையோ பெண்கள் அவள் பின்னால் வந்தார்கள். ஆனால் எது பெரிசு என்று கேட்டால், அந்தச் சனிக்கு அடுத்த திங்கட்கிழமையைத்தான் டோவி சொல்வாள்.

திங்கள் என்றால் ஊருக்கே சலவை நாள். டோவி தொட்டியில் கை வைத்தபோது பக்கத்து வீட்டுக் கொல்லையில் யாரோ, “கறுப்புச் சட்டை துவைக்கிறேன்” என்று அவள் வரியைப் பாடி நிறுத்தினார்கள். பதிலுக்குக் காத்திருந்தார்கள். டோவி சோப்பைக் கீழே வைத்துவிட்டு, உரக்கத் திருப்பிப் பாடினாள்.