பதினோராவது வெள்ளிக்கிழமை

போன வருஷம் ஆடி மாதம் முடிந்த சமயம், திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் நடந்தது இது. ரமணாசிரமத்துக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வாடகை வீடு. எனக்கு வேலை அதே பாதையில் அடி அண்ணாமலையில், ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில். பல வருஷமாக பைக்கில்தான் போய் வந்தேன். ரத்தப் பரிசோதனைத் தாளில் சர்க்கரை அளவைச் சுற்றி டாக்டர் சிவப்பு மையில் வட்டம் போட்டுக் காட்டியதும், பயந்துபோய் ஒரு கியர் சைக்கிள் வாங்கினேன்.

முதல் வாரம் முழங்கால் கெஞ்சியது. இரண்டாவது வாரம் மூச்சு வழிக்கு வந்தது. மூன்றாவது வாரம் தலைக்கனம் வந்துவிட்டது. பெட்ரோல் இல்லை, புகை இல்லை, உடம்புக்கும் நல்லது. இப்படி ஒரு புண்ணியவானுக்கு ஊரே வழிவிட வேண்டாமா? பைக் ஓட்டிய காலத்தில்கூட எனக்கு இப்படித் தோன்றியதில்லை.

அன்று வெள்ளிக்கிழமை, காலை எட்டரை மணி இருக்கும். பாதையிலுள்ள எட்டு லிங்கக் கோயில்களில் ஒன்றான நிருதி லிங்கம் தாண்டி லேசான ஏற்றம். சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், ஏற்றத்தில் கட்டிக் காத்த வேகத்தை பிரேக் பிடித்து விட்டுவிட மனசே வராது. எனக்கு முன்னால் ஒரு பெண்மணி தார்ச்சாலை ஓரத்து வெள்ளைக் கோட்டின் மேல் வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தார். கிரிவலம் வருகிறவர்கள் பலர் அப்படித்தான் நடப்பார்கள், அந்தக் கோடு காலைச் சுடாது, கல்லும் குத்தாது. வலது பக்கம் சாலை காலியாகத்தான் இருந்தது. நான் விலகிப் போயிருக்கலாம். விலகவில்லை. பின்னாலிருந்து விடாமல் பெல் அடித்தேன்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சட்டென்று மண்ணில் துள்ளி இறங்கினார். இறங்கிய இடத்தில் உடைந்த பாட்டில் கிடந்தது.

நாலடி தாண்டிப் போன பிறகுதான் “அம்மா!” என்ற சத்தம் கேட்டது. திரும்பி வந்து பார்த்தால், உள்ளங்காலில் கண்ணாடித் துண்டு. எதிரே டீக்கடை வைத்திருந்த அம்மா தண்ணீரோடு ஓடி வந்து, துண்டை எடுத்துவிட்டு, காலைக் கழுவினார். என்னைப் பார்த்து, “பெல் அடிச்சா ஆச்சா? கண்ணு எங்க போச்சு?” என்று கேட்டார்.

“ஆஸ்பத்திரிக்குப் போலாம்மா, ஆட்டோ கூப்பிடறேன்” என்றேன்.

“வேணாம் சார். வண்டியில ஏறிட்டா நடந்தது எல்லாம் வீணாயிடும். இது பதினோராவது வெள்ளிக்கிழமை, இன்னியோட முடியுது. இப்ப விட்டா மறுபடியும் முதல்லேர்ந்து நடக்கணும்” என்றார் அவர்.

கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து, பெரிய கோயிலில் தொடங்கியிருக்கிறார். இன்னும் எட்டு கிலோமீட்டருக்கு மேல் பாக்கி. என் அவசரத்தில் பதினோரு வாரத்து நடையும் பாழாகிவிடுமோ என்று பயம் வந்தது. அடி அண்ணாமலை மெடிக்கல் கடைக்கு மிதித்துப் போய் பஞ்சும் மருந்தும் கட்டுத்துணியும் வாங்கித் திரும்பினால், மனுஷி அதற்குள் நொண்டிக்கொண்டே நடக்க ஆரம்பித்துவிட்டார். வழிமறித்து உட்காரவைத்துக் கட்டுப் போட்டேன்.

கட்டுப் போட்டாயிற்று, கிளம்பு என்றுதான் ஒரு மனசு சொன்னது. அவரும், “நீங்க போங்க சார், வேலைக்கு நேரமாவுது” என்றார். ஆனால் அவர் எழுந்து எடுத்து வைத்த முதல் அடியிலேயே முகம் சுருங்கியதைப் பார்த்துவிட்டேன். சைக்கிளை எங்கள் இருவருக்கும் நடுவில் நிறுத்தி, சீட்டைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். ஏறத்தானே கூடாது, சாய்ந்துகொள்ளலாம் இல்லையா? சீட்டை ஒரு தரம் அழுத்திப் பார்த்துவிட்டு, “சாயலாம்” என்றார். ஹேண்டில்பாரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு நானும் நடந்தேன்.

பள்ளிக்கு போன் போட்டு, டயர் பஞ்சர், இன்று லீவு வேண்டும் என்று கூசாமல் பொய் சொன்னேன். பக்கத்திலிருந்தவர் சிரித்துவிட்டார். “பஞ்சர் ஆனது என் காலு சார்.”

வலியிலும் பேச்சுக்குக் குறைச்சல் இல்லை. அவர் கணவர் லோடு வேன் டிரைவராம். ஒரு நாள் சாலையோரமாக நடந்து வந்தவரைப் பின்னாலிருந்து பைக் ஒன்று இடித்துவிட்டது. எழுந்து நடப்பதே கஷ்டம் என்று சொல்லிவிட்டார்களாம். நடந்துவிட்டால் பதினோரு வெள்ளிக்கிழமை சுற்றுகிறேன் என்று இவர் வேண்டிக்கொண்டாராம். “இப்ப குச்சி வெச்சினு பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்து ஏத்தி உடறாரு” என்றார், முகமெல்லாம் சிரிப்பாக. பிறகு சாதாரணமாகச் சொன்னார்: “அதுலேர்ந்து பின்னாடி எதனா சத்தம் கேட்டாலே நான் ரோட்ல நிக்க மாட்டேன். குதிச்சிடுவேன்.”

அதைக் கேட்டபோது எனக்கு எங்கேயாவது ஓடிப்போய்விடலாம் போலிருந்தது. குபேர லிங்கம் வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. குற்ற உணர்ச்சியில் நானும் ஷூவைக் கழற்றப் போனேன். “நீங்க போட்டுனே வாங்க சார். ரெண்டு பேரும் நொண்டினா சைக்கிள யாரு புடிக்கிறது?” என்று தடுத்துவிட்டார்.

நடுவில் ஏழெட்டு முறை உட்கார்ந்து உட்கார்ந்து, ராஜகோபுரத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. கட்டுத்துணி சிவந்திருந்தது. அவர் தரையில் கற்பூரம் ஏற்றினார். வழியெல்லாம் சொல்ல முடியாமல் இருந்த வார்த்தை அப்போதுதான் வெளியே வந்தது. “தப்பு பண்ணிட்டேம்மா, மன்னிச்சிடுங்க” என்றேன்.

“அது கெடக்குது. உங்க பேரு என்னாண்ணா?” என்றார்.

சொன்னேன். அவர் கோபுரத்தைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு, முதலில் கணவர் பெயரைச் சொன்னார். அடுத்து என் பெயரைச் சொன்னார். “ரெண்டு பேரு காலும் நல்லா இருக்கணும் சாமி” என்று வாய்விட்டே வேண்டிக்கொண்டார். நான் எத்தனையோ முறை அந்தக் கோயிலுக்குப் போயிருக்கிறேன், அன்றைக்கு அழுததுபோல அங்கே ஒருநாளும் அழுததில்லை.

கற்பூரம் அணைந்த பிறகுதான் ஆட்டோவில் ஏறச் சம்மதித்தார். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, இரண்டு தையல் போட்டு அனுப்பினார்கள். பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவே இல்லை.

என்னால் நொண்டிய ஒருவர் என் கால்களுக்காக வேண்டிக்கொண்டார் என்பது நினைக்கும்போதெல்லாம் ஆறுதலாகவும் இருக்கிறது, கூச்சமாகவும் இருக்கிறது. இரண்டில் எது அதிகம் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.