அலமாரிக்குள் ப்ளக், வெளியே சுவிட்ச்

சூடான மோட்டார் வாசனை, பச்சை மிளகாய் நெடி, சுவரில் தெறித்த சட்னி... எல்லாம் எங்கள் வீட்டு ஹாலில்தான்.

சொந்த ஊரை விட்டு வந்து, ஏ.எஸ்.ராவ் நகரில் வீடு கட்டிய புதிது. சமையலறையில் இருந்த ஒரே ப்ளக் பாயின்ட்டை ஃபிரிட்ஜ் பிடித்துக்கொண்டது. மிக்ஸியைத் தினமும் டிவி பக்கத்துக்குத் தூக்கிப் போய் அரைப்பேன்.

வீட்டுக்காரர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இன்ஜினியர். தெருவில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். நான் பத்தாவது தேறாதவள். வீட்டுக்கு வரும் எலக்ட்ரீஷியன்கள் பின்னாலேயே நின்று, கேட்டுக் கேட்டு வயரிங் கற்றுக்கொண்டேன்.

சமையலறை அலமாரிக்குள்ளேயே மிக்ஸிக்கு ஒரு ப்ளக் வேண்டும் என்றேன். பக்கத்து வீட்டு இன்ஜினியர் சேகர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“மிக்ஸிக்குத் தனி ரூமாக்கா? அப்படியே ஒரு ஏசியும் போட்டுருங்க!”

பிறகு அவரும் வீட்டுக்காரரும் கிராஃப் தாளில் படம் வரைந்தார்கள். என்ன வயர், எவ்வளவு லோடு... எல்லாம் கணக்குப்படி. ஞாயிற்றுக்கிழமை மாட்டியும் ஆயிற்று.

மிக்ஸியை உள்ளே வைத்து ப்ளக்கைச் செருகினால், அலமாரிக் கதவைச் சாத்த முடியவில்லை! பின்சுவர் சாக்கெட்டில் ப்ளக் நான்கு விரற்கடை துருத்திக்கொண்டு மிக்ஸியை முன்னால் தள்ளியது. இரண்டு இன்ஜினியர்கள், ஒருவருக்கும் தோன்றவில்லை. சுவிட்சும் மிக்ஸிக்குப் பின்னால்.

“ஏங்க, உள்ள ஏதாச்சும் தீஞ்சா கைய விட்டுத் துழாவியா அணைப்பீங்க?”

மெயினை நானே அணைத்தேன். டெஸ்டர் வைத்துப் பார்த்தேன். சாக்கெட்டைப் பக்கவாட்டுக்கு மாற்றினேன். சுவிட்சை அலமாரிக்கு வெளியே, கண்ணுக்கு நேராக வைத்தேன். வீட்டுக்காரர் டார்ச் பிடித்தார்.

“தப்பு எங்களுதுதான்” என்று சேகர் என் முகத்துக்கு நேராகவே சொன்னார்.

அடுத்த வாரம் சேகரின் மனைவி வந்து நின்றாள். “அக்கா, எங்க வீட்டுக்கும் ஒண்ணு... அவரை நம்ப முடியாது.”

இத்தனை வருஷம் கழித்து, போன மாதம் என் மகன் அந்த அலமாரியையே பெயர்த்துவிட்டான். மாடுலர் கிச்சனாம். டிசைனர் பெண் கேபினட்டுக்குள் ப்ளக்கைக் காட்டி, “லேட்டஸ்ட் ஐடியா, ஆன்ட்டி” என்றாள்.

லேட்டஸ்டாம்!

சுவிட்ச் எங்கே என்றேன். உள்ளேதான். மிக்ஸிக்குப் பின்னால்.

“வெளிய வச்சா க்ளீன் லுக் போயிடும், ஆன்ட்டி.”

“சண்டை நக்கோம்மா. அவங்க இதுக்குன்னே படிச்சவங்க” என்றான் மகன். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன். அவனுக்கு ‘வேண்டாம்’ எப்போதும் ‘நக்கோ’தான். அவசரத்துக்கு எப்படி அணைப்பது என்று கேட்டேன். இருவரும் ஃபோனைப் பார்த்தார்கள்.

படித்தவர்கள் அன்றைக்கும் இருந்தார்கள். சிரிக்கவும் சிரித்தார்கள். ஆனால் தப்பைக் காட்டினால் குனிந்து பார்த்தார்கள். ஒப்புக்கொண்டார்கள். அன்றைக்கு எனக்கு டார்ச் பிடித்த மனுஷர் இப்போது இல்லை...

கதவு மாட்ட ஆள் வந்தபோது கேபினட்டுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். சுவிட்ச் வெளியே வராமல் கதவு ஏறாது. இன்றோடு ஐந்து நாளாகக் கதவு பால்கனியில் கிடக்கிறது.

கிடக்கட்டும். எனக்கு அவசரமில்லை.